எந்தச் சிபியுவில் ஓடுவது: கேர்னலிடம் கேட்கும் முறை பற்றி ஒரு பதில்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக எக்ஸ்வி6 பணிசெயல் முறைமையில் புதிய சிஸ்டம் கோல் (நிரல்கள் முறைமையின் மையமான கேர்னலிடம் வேலை கேட்கும் வழி) ஒன்று சேர்க்கிறேன். ஒரு புரொசெஸை, அதாவது ஓடும் நிரலை, குறிப்பிட்ட சிபியுவில் மட்டும் ஓடவைப்பதுதான் அதன் வேலை. சிபியு இலக்கத்தை ஒரு முழு எண்ணாகக் கொடுத்தால் போதுமா, பிட் மாஸ்க் வேண்டுமா? லினக்ஸில் இருக்கிற மாதிரியே செய்துவிடலாமா, அண்ணா?"

மாஸ்க் வையுங்கள் தம்பி, தனி இலக்கம் வேண்டாம். மாஸ்க் என்றால் சிபியு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட்; அது 1 என்றால் அந்தச் சிபியுவில் ஓடலாம். "0 அல்லது 2" என்று சொல்லமுடியாத இடைமுகம் முதல் நாளிலேயே போதாமல் போகும். "எதில் ஓடினாலும் சரி, பழையபடி விடு" என்று சொல்வதற்கும் -1 மாதிரி ஒரு கள்ள மதிப்பைப் புகுத்தவேண்டி வரும். ஆனால் இலக்கமா மாஸ்க்கா என்பது இதில் சின்ன விடயம். கேட்டது எது, கிடைத்தது எது என்பதைக் கேர்னல் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறதா என்பதுதான் பெரிய விடயம். லினக்ஸில் அது சரியாக அமைய இருபது வருடம் எடுத்தது. "லினக்ஸில் இருக்கிற மாதிரியே" என்றதும் நான் கொஞ்சம் தயங்குவது அதனால்தான்.

முதலில் எக்ஸ்வி6. எம்ஐடியில் பாடத்துக்கென்று எழுதப்பட்ட அந்தக் கேர்னலில் இதைச் செய்வது மிகச் சுலபம். சிபியுவுக்கு ஒன்று என்று தனித்தனி வரிசைகள் அங்கே கிடையாது. 64 இடங்கள் கொண்ட ஒரே அட்டவணைதான் இருக்கிறது. எல்லாச் சிபியுக்களும் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஓடத் தயாராக நிற்கும் புரொசெஸை எடுத்துக்கொள்கின்றன. எடுக்கும் இடத்தில் "இந்தச் சிபியுவின் பிட் அதன் மாஸ்க்கில் இருக்கிறதா" என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஃபோர்க், அதாவது புரொசெஸ் தன்னைப்போல் ஒரு பிள்ளையை உருவாக்குவது, நடக்கும் இடத்தில் தாயின் மாஸ்க்கைப் பிள்ளைக்குக் கொப்பி பண்ணுங்கள். புரொசெஸ் வேறு நிரலை ஏற்றிக்கொள்ளும் எக்ஸெக்கில் எதையும் தொடவேண்டாம், இருந்ததே தொடரட்டும். லினக்ஸிலும் இந்த இரண்டும் இப்படித்தான். இதை மாற்ற எந்த நியாயமும் இல்லை.

கரைச்சல் தருவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற புரொசெஸ். 2ஆம் சிபியுவில் ஓடுகிற ஒன்றின் மாஸ்க்கிலிருந்து 2ஐ எடுத்துவிட்டீர்கள், சிஸ்டம் கோலும் வெற்றி என்று திரும்பிவிட்டது என்று வையுங்கள். அந்தப் புரொசெஸ் இன்னும் 2இல்தான் ஓடுகிறது. அடுத்த டைமர் குறுக்கீடு வரும்வரை, எக்ஸ்வி6ஐ ஓட்டும் போலி மெஷினான கியூஎமுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு செக்கனுக்கு, அங்கேயே ஓடும். தன்னைத்தானே மாற்றும் புரொசெஸ் என்றால் திரும்பமுன் யீல்ட் பண்ணவைத்தால் (சிபியுவை விட்டுக்கொடுக்கவைத்தால்) போதும். இன்னொன்றை மாற்றும்போது அது முடியாது. லினக்ஸ் இதில் கண்டிப்பானது. ஒவ்வொரு சிபியுவிலும் இதற்கென்று ஒரு மைக்ரேஷன் த்ரெட் இருக்கிறது (த்ரெட் என்பது தனியாக ஓடக்கூடிய ஒரு வேலை இழை). அதை எழுப்பி, ஓடுகிறதை இழுத்து அனுமதிக்கப்பட்ட இடத்தில் போட்ட பிறகுதான் கோல் திரும்பும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் "திரும்பிய கணத்திலிருந்து" என்றா, "அடுத்த டிக்கிலிருந்து" என்றா வாக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

மாஸ்க் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்? எக்ஸ்வி6 இன் உச்சவரம்பு 8 சிபியு, ஆகவே ஒரு முழு எண் தாராளம் என்று தோன்றும். விண்டோஸைச் செய்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கே மாஸ்க் என்பது ஒரு சுட்டியின் (நினைவக முகவரியின்) அகலமுள்ள எண். 64 பிட் விண்டோஸில்கூட அதில் 64 சிபியுவுக்கு மேல் இடமில்லை. அதைவிடப் பெரிய சேர்வர்கள் வந்தபோது பழைய கோல்களை உடைக்கமுடியாது. ஆகவே விண்டோஸ் 7, சேர்வர் 2008 ஆர்2 காலத்தில் புரொசெசர் குரூப் என்று புதிதாக ஓர் அடுக்கைப் போட்டார்கள். ஒரு குரூப்பில் அதிகம்போனால் 64. அன்றிலிருந்து பெரிய மெஷினுக்கு எழுதும் ஒவ்வொருவரும் மாஸ்க்கோடு குரூப் இலக்கத்தையும் சுமக்கிறார்கள். குரூப் பற்றித் தெரியாத பழைய மென்பொருள், மெஷினில் மற்ற குரூப்புகள் இருப்பதே தெரியாமல் ஒரு குரூப்புக்குள் ஓடும். புரொசெஸ் ஒன்று இயல்பாகவே எல்லாக் குரூப்புகளிலும் பரவுவது விண்டோஸ் 11இலும் சேர்வர் 2022இலும்தான் வந்தது.

லினக்ஸில் மாஸ்க் போடும் கோலான ஸ்கெட்_செட்அஃபினிட்டி 2002இல், 2.5.8 கேர்னலில் வந்தது. மாஸ்க்கின் முகவரியையும் அதன் நீளத்தையும் பைட்டில் வாங்கும். இது நல்ல முடிவு. இதிலும் கூத்து நடக்காமல் இல்லை: மேலே இருக்கும் ஜிலிப்சி நூலகத்தில் நீளத்தை முதலில் வைத்திருந்தார்கள், 2.3.3 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், 2.3.4இல் வேறு வகையோடு திரும்பவும் வைத்தார்கள். அடுத்தடுத்த மூன்று பதிப்புகளில் ஒரே பெயருக்கு மூன்று வடிவம்! அந்த நூலகம் தரும் நிலையான மாஸ்க் வகையும் 1024 பிட்தான். அதற்கு மேல் போனால் நீங்களே இடம் ஒதுக்கவேண்டும்.

அந்த நீளத்தைக் கேர்னல் கையாளும் விதத்தையும் வடிவாகப் பாருங்கள். மாஸ்க்கை எழுதும்போது நீங்கள் கொடுத்தது சிறியதென்றால் மிச்சத்தைச் சைபராக எடுத்துக்கொள்ளும், பெரியதென்றால் மேலதிகத்தை வெட்டிவிடும். வாசிக்கும்போது உங்கள் இடம் போதாவிட்டால் பிழை தரும். வாசிப்பில் கண்டிப்பு சரிதான். பாதிப் பதில் பொய்ப் பதில். எழுதும்போது சத்தமில்லாமல் வெட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கேர்னலுக்குத் தெரியாத சிபியுவின் பிட்டை ஒருவர் போட்டிருந்தால் அவர் ஏதோ தவறாக நினைத்திருக்கிறார், அதை அப்போதே சொல்லிவிடவேண்டும். எக்ஸ்வி6இல் 8 சிபியுதான் என்றாலும் முகவரியும் நீளமும் வாங்குங்கள். பயனர் நினைவகத்திலிருந்து கொப்பி பண்ணும் செயற்கூறு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, மேலதிகமாகச் சில வரிதான்.

அடுத்தது, மாஸ்க் யாருடையது? எக்ஸ்வி6இல் ஒரு புரொசெஸுக்கு ஒரு த்ரெட்தான் என்பதால் இந்தக் கேள்வி உங்களுக்கு வராது. நிஜ உலகில் அதிகமானோர் தடுக்கி விழுவது இங்கேதான். லினக்ஸில் அந்தக் கோலின் முதல் வாதத்துக்குப் பெயர் பிஐடி, ஆனால் அது எடுப்பது ஒரு த்ரெட்டை. விண்டோஸிலோ புரொசெஸ் மாஸ்க் எல்லா த்ரெட்டுக்கும் பொருந்தும். திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீடியோ செய்யும் ஸ்ரூடியோ ஒன்றில், ரெண்டர் ஓடும்போது அதே மெஷினில் பில் போடும் மென்பொருள் இறுகிப்போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். லினக்ஸ் மெஷின். அங்கு வேலை செய்யும் பெடியன் எங்கேயோ வாசித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ரெண்டருக்கு, மாஸ்க் போடும் டாஸ்க்செட் கட்டளையைப் புரொசெஸ் இலக்கத்தோடு கொடுத்திருக்கிறார். ஒன்றும் மாறவில்லை. மாறாதுதானே: தலைமை த்ரெட் ஒன்று மட்டும் நகர்ந்தது, வேலை செய்யும் மற்ற த்ரெட்கள் முழுக்க இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லா த்ரெட்டுக்கும் என்று சொல்ல அந்தக் கட்டளையில் தனித் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டதும் பில் மென்பொருளுக்கு மூச்சு வந்தது, ரெண்டர் இழுபட்டது. தொடங்கும்போது எண்ணிய சிபியுக்களின் கணக்குக்கு அது த்ரெட் உருவாக்கி வைத்திருந்தது. இப்போது அத்தனையும் நாலு சிபியுவுக்குள் நெரிபடுகின்றன. கடைசியில் மாஸ்க்கை எடுத்துவிட்டு, ரெண்டரின் நைஸ் மதிப்பை 19 ஆக்கி, அதன் முன்னுரிமையை ஆகக் குறைத்தோம். பிரச்சினை தீர்ந்தது. சிபியுவில் கட்டிப்போட வேண்டும் என்று வருகிறவர்களில் அரைவாசிப் பேருக்குத் தேவைப்படுவது முன்னுரிமைதான் என்பது என் எண்ணம்.

அந்தக் கதையில் இடைமுகத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. கட்டுப்படுத்தும் கோல் ஒன்று கொடுத்தால், "எனக்கு எத்தனை சிபியு?" என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் கொடுக்கவேண்டும். பைதனில் நெடுங்காலமாக எல்லோரும் கூப்பிட்ட ஓஎஸ்.சிபியு_கவுண்ட் மெஷினில் இருக்கும் மொத்தத்தையே சொல்லும். தனக்கு அனுமதிக்கப்பட்டதை மட்டும் எண்ணிச் சொல்லும் செயற்கூறு 3.13 பதிப்பில்தான் தனியாக வந்தது. லினக்ஸின் என்ப்ரொக் கட்டளை மாஸ்க்கைப் பார்த்துத்தான் எண்ணுகிறது.

இனி முக்கியமான இடம். ஒரு புரொசெஸ் எங்கே ஓடலாம் என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிரலாளர் ஒரு மாஸ்க் கேட்கிறார். சேர்வரை நடத்துகிறவர் சிபியுசெட் (ஒரு புரொசெஸ் கூட்டத்துக்கு அனுமதித்த சிபியுக்களின் பட்டியல்) போட்டு ஓர் எல்லை கட்டியிருக்கிறார். வன்பொருளில் ஒரு சிபியு ஓஃப்லைன் போகலாம், திரும்பியும் வரலாம். மூன்றும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வது?

லினக்ஸ் கேட்ட மாஸ்க்கையும் சிபியுசெட்டையும் வெட்டிப் பொதுவானதை எடுக்கும். பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால்தான் பிழை. நீங்கள் நாலு கேட்டு ஒன்று மட்டும் கிடைத்தாலும் வெற்றி என்றே சொல்லும். திரும்ப வாசித்துப் பார்த்தால்தான் விளங்கும். விண்டோஸில் கேட்ட மாஸ்க் மெஷினுக்கு உரிய மாஸ்க்குக்குள் முழுதாக அடங்காவிட்டால் கோலே தோல்வி. ஃப்ரீபிஎஸ்டியில் இது இன்னும் ஒழுங்கு: மேலே வேர்த் தொகுதி, அதன் கீழே இலக்கமிட்ட தொகுதிகள், அடியில் த்ரெட்டின் சொந்த மாஸ்க். எந்த மட்டத்தை மாற்றுகிறீர்கள் என்பதைக் கோலிலேயே சொல்லவேண்டும். தொகுதியைச் சுருக்குவதால் ஏதோ ஒரு த்ரெட்டுக்கு ஓட இடமே இல்லாமல் போகுமென்றால் மறுத்துவிடும். இருக்கிறவற்றில் என் மனதுக்குப் பிடித்தது அதுதான். வாதங்கள் ஐந்து என்று சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் அந்த ஐந்தும் மனிதர் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள்.

நேரம் கடந்த பிறகு நடப்பதுதான் இதைவிடச் சிக்கல். லினக்ஸின் பழைய சிகுரூப் (புரொசெஸ்களைக் கூட்டமாக்கி வளம் பங்கிடும்) முறையில், சிபியு ஒன்று ஓஃப்லைன் போனால் சிபியுசெட்டின் பட்டியலிலிருந்தே அதை அடித்துவிடுவார்கள். அது திரும்பி வந்தாலும் பட்டியலில் திரும்பச் சேராது, ஏனென்றால் முதலில் என்ன கேட்டிருந்தீர்கள் என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டாம் பதிப்புச் சிகுரூப்பில், 2019இல் 5.0 கேர்னலோடு வந்த சிபியுசெட், இதை இரண்டு கோப்புகளாகப் பிரித்தது: ஒன்றில் கேட்டது, மற்றதில் இப்போது நடைமுறையில் இருப்பது. தனித் த்ரெட்டின் மாஸ்க்குக்கு அதே நியாயம் கிடைக்க 2023இல் வந்த 6.2 கேர்னல்வரை காத்திருக்கவேண்டி இருந்தது. அதற்கு முன்னர், நிருவாகி சிபியுசெட்டை மாற்றினால் நீங்கள் கேட்ட மாஸ்க்கின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். பிறகு அவர் பழையபடி அகலமாக்கினாலும் உங்கள் குறுகிய கோரிக்கை போனது போனதுதான்.

இந்தப் பிரிப்புக்கு வழி திறந்த காரணங்களில் ஒன்று விசித்திரமானது. ஆர்ம் சிப்களில் சிலவற்றில் எல்லாக் கோர்களுக்கும் 32 பிட் நிரல்களை ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்ட மெஷினில் 64 பிட் புரொசெஸ் ஒன்று 32 பிட் நிரலை எக்ஸெக் பண்ணினால், கேர்னலே அதன் மாஸ்க்கைச் சுருக்கவேண்டும். பிறகு அது திரும்ப 64 பிட் நிரலுக்குப் போனால் பழைய மாஸ்க்கைக் கொடுக்கவேண்டும். கேட்டதைத் தனியே எழுதி வைக்காமல் இது நடக்காது. 5.15 கேர்னலில் அதற்கு இடம் செய்தார்கள்.

ஆகவே உங்கள் புரொசெஸ் கட்டமைப்பில், கேட்ட மாஸ்க்குக்கு ஒரு புலம் வையுங்கள், அதைப் பயனரைத் தவிர வேறு எவரும் தொடக்கூடாது. நடைமுறை மாஸ்க் என்பது கேட்டதையும் உயிரோடிருக்கும் சிபியுக்களையும் வெட்டி ஒவ்வொரு முறையும் கணிக்கப்படுவது. வாசிக்கும் கோலில் இரண்டையும் திருப்பிக் கொடுங்கள்.

உயிரோடிருக்கும் சிபியுக்கள் என்றேன். எக்ஸ்வி6இல் அந்தப் பட்டியலே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? 8 என்பது அட்டவணையின் அளவு மட்டும். மேக்ஃபைல் (எக்ஸ்வி6ஐக் கட்டி ஓட்டும் கட்டளைக் கோப்பு) கியூஎமுவுக்குக் கொடுப்பது 3. ஒருவர் 5ஆம் சிபியுவை மட்டும் கேட்டால், 8க்குக் குறைவுதானே என்று நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். அந்தப் புரொசெஸை எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு சிபியுவும் தொடக்க வேலைகளை முடித்து, அடுத்து எதை ஓட்டுவது என்று தேரும் ஷெட்யூலருக்குள் நுழையமுன் தன் பிட்டை ஒரு பொது மாஸ்க்கில் அணுச்செயலாக (இடையில் எவரும் குறுக்கிடாதபடி) போடட்டும். சரிபார்ப்பு எல்லாம் அதை வைத்துத்தான்.

லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்கு அனுமதியுள்ள கடைசிச் சிபியுவும் ஓஃப்லைன் போனால், கேர்னல் மாஸ்க்கை மீறி வேறிடத்தில் ஓடவிட்டு, இது இனி அந்தச் சிபியுவோடு கட்டுப்பட்டதல்ல என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதும். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஓடமுடியாமல் நிற்கும் த்ரெட் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றவர்களும் சேர்ந்து நிற்பார்கள். ஆனால் அந்தத் த்ரெட்டுக்கே அது தெரியவராது என்பது குறைதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மாஸ்க்கின் அடிப்படைப் பலவீனத்தையும் சொல்லவேண்டும். அது எங்கே என்று சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. நல்லூர்த் திருவிழா நேரம் ஓட்டோக்காரரிடம் "கோயில் முன்வீதியால்தான் போகவேண்டும்" என்று சொன்னால் தடுப்புக்கு முன்னால் நிற்கவேண்டியதுதான். "ஆஸ்பத்திரிக்கு, கெதியா" என்றால் அவரே ஒழுங்கை பிடித்துப் போய்ச் சேர்த்துவிடுவார். சிபியு இலக்கமும் அந்த முன்வீதி மாதிரித்தான். 0ஐயும் 1ஐயும் கேட்டால், நாலு கோர் எட்டு த்ரெட் கொண்ட பல பழைய இன்டெல் லப்டொப்களில் லினக்ஸின் கீழ் இரண்டு வெவ்வேறு கோர் கிடைக்கும்; 0ஓடு ஒரே கோரைப் பகிரும் சோடி அங்கே 4. 2021இல் வந்த ஆல்டர் லேக் வகையில் அதே 0உம் 1உம் ஒரே கோரின் இரண்டு பாதிகள். அதே கட்டளை, நேர்மாறான விளைவு.

அதனால் நோக்கத்தைச் சொல்லவிடும் இடைமுகங்கள் பல வந்தன. பல த்ரெட் நிரல்களுக்கான ஓபன்எம்பி தரத்தின் 4.0 பதிப்பில் இலக்கம் சொல்லாமல், "கோர் கோராக", "சொக்கெட் சொக்கெட்டாக" என்று இடங்களைக் குறித்து, நெருக்கமாக வை அல்லது பரவலாக வை என்று சொல்லலாம். விண்டோஸில் விருப்பச் சிபியு என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கலாம்; விண்டோஸ் 10இல் வந்த சிபியு செட் கோல்களும் மாஸ்க்கை விட இளக்கமானவை. மேக்ஓஎஸ் ஒரேயடியாகப் போய்விட்டது: கட்டிப்போடும் கோலே கிடையாது. லெப்பர்ட் பதிப்பிலிருந்து, ஒரே குறியுள்ள த்ரெட்கள் கேஷை (சிபியுவுக்கு அருகிலுள்ள வேக நினைவகத்தை) பகிரட்டும் என்ற குறிப்பு ஒன்று இருந்தது. எம்1 வரிசையில் அதுவும் இல்லை. வேலையின் தரவகுப்பைச் சொல்லுங்கள், பின்னணி வேலை என்றால் சிக்கனக் கோர்களுக்கு நாங்கள் அனுப்புகிறோம் என்கிறார்கள். லப்டொப்புக்கும் போனுக்கும் அது நல்ல முடிவு. நெட்வேர்க் கார்ட்டின் குறுக்கீடு எந்தச் சிபியுவுக்கு வருகிறதோ அதிலேயே தன் த்ரெட்டை வைத்திருக்க விரும்பும் தரவுத்தளக்காரருக்கு அது போதாது.

நோக்கங்களைக் கேர்னலுக்குள் போடவேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அவை பெருகிக்கொண்டே போகும், சிஸ்டம் கோல் ஒன்றைத் திரும்பப் பெறவும் முடியாது. கேர்னல் கண்டிப்பான மாஸ்க்கையும், எது எதன் சோடி, எது எதோடு கேஷைப் பகிர்கிறது என்ற வரைபடத்தையும் கொடுக்கட்டும். நோக்கத்தை மாஸ்க்காக மாற்றும் வேலையை எச்டபிள்யூலொக் மாதிரி நூலகங்கள் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம். மாஸ்க் போடுவது உங்களை ஓரிடத்தில் நிறுத்துமே தவிர மற்றவர்களை அங்கே வராமல் தடுக்காது. 3ஆம் சிபியுவில் கட்டிவிட்டேன், இனி அது எனக்குத்தான் என்று நினைப்பவர்கள் கனபேர். தனியுரிமை வேறு இடைமுகம்: சொலாரிஸின் புரொசெசர் செட், லினக்ஸின் ஐசொல்சிபியுஸ் தெரிவு, சிபியுசெட்டின் பார்ட்டிஷன்கள். அதற்கு அனுமதி விதிகளும் வேறு. தன்னைத்தான் ஒடுக்குகிறவரால் மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. ஒரு சிபியுவை மற்றவர்களிடமிருந்து பறிப்பது நிருவாகியின் வேலை. எக்ஸ்வி6இல் பயனர் கணக்குகளே இல்லாததால் உங்களுக்கு இது தாளில் எழுதும் விடயம் மட்டும்தான்.

சிஸ்டம் கோலா, கோப்பா என்று பரீட்சகர் கேட்கக்கூடும். 2001இல் லினக்ஸ் கேர்னல் நிரலாளர்களில் ரொபர்ட் லவ் இதைப் ப்ரொக் கோப்பு முறைமையில் புரொசெஸுக்கு ஒரு கோப்பாகவும், இங்கோ மோல்னார் சிஸ்டம் கோலாகவும் முன்வைத்தார்கள். சிஸ்டம் கோல் வென்றது. பின்னால் வந்த சிபியுசெட்கள் கோப்புகளாகவே வந்தன. நிரல் தனக்காகக் கூப்பிடுவது கோலாகவும், பெயரும் உரிமையாளரும் உள்ளதாய் மனிதர் நடத்துவது கோப்பாகவும் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

பயனருக்கான கட்டளையும் எழுதுவீர்கள்தானே? அதில் பட்டியலையே வழமையாக்குங்கள். டாஸ்க்செட்டுக்கு வெறும் 3 கொடுத்தால் அது பதினறும மாஸ்க், அதாவது 0உம் 1உம். சி தெரிவோடு 3 கொடுத்தால்தான் 3ஆம் சிபியு. மனிதர் மனதில் இருப்பது இரண்டாவதுதான்.

சோதனைகளில், வெறும் மாஸ்க்குக்கும் இல்லாத சிபியுவுக்கும் பிழை வருகிறதா என்று பார்ப்பதோடு நிற்கவேண்டாம். ஒரு புரொசெஸை 5ஆம் சிபியுவில் கட்டி, பிறகு கில் பண்ணிப் பாருங்கள். எக்ஸ்வி6இல் கில் என்பது ஒரு கொடியைப் போட்டு, தூங்கினால் எழுப்பிவிடுவது மட்டும்தான். சாகவேண்டிய புரொசெஸ் தானே ஒரு தடவை ஓடித்தான் வெளியேறவேண்டும். சரிபார்ப்பில் ஓட்டை இருந்தால் அது ஓடவே ஓடாது, அட்டவணையின் 64 இடங்களில் ஒன்று போய்விடும், பிள்ளை முடியக் காத்து வெயிட்டில் நிற்கும் தாயும் திரும்பமாட்டாள். அந்தச் சோதனையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் எழுதி, மேக்ஃபைலில் சிபியு எண்ணிக்கையை 1, 3, 8 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.